மேல்மாடி மாஸ்டரின் கோட்டு

கோட்டில் கை வைத்தது நான்தான். யாரும் வைக்கச் சொல்லவில்லை. அக்குளுக்கு அடியில் இரண்டு பக்கமும் எனக்கு முன்னால் யாரோ சதுரமாக ஒரு துண்டுத் துணி சேர்த்துத் தைத்திருந்தார்கள். கையைத் தொங்கவிட்டு நின்றால் அது பையாகப் பிதுங்கும். பார்க்கும்போதெல்லாம் கண்ணில் தூசி விழுந்த மாதிரி உறுத்தும். இஸ்திரி போடுவதற்காக என்னிடம் வந்த கோட்டை, நாடகத்தன்று காலையில் எடுத்து, துண்டைப் பிரித்துப் போட்டுவிட்டு, கைக்குழியைக் கச்சிதமாகப் பிடித்துத் தைத்து, ஆணியில் மாட்டி, எட்ட நின்று பார்த்தேன். மாப்பிள்ளை மாதிரி நின்றது. அன்று சாயங்காலம் அதைப் போட்டுக்கொண்டு மேடையேறிய மனிதர் தன் பெண்டாட்டியைக் கீழே விட்டுவிட்டார். அந்த அம்மாவுக்குக் காறை எலும்பு முறிந்தது.

அந்த மனிதரும் மாஸ்டர், நானும் மாஸ்டர். ஆட்டம் சொல்லிக்கொடுப்பவரையும் மாஸ்டர் என்கிறார்கள், சட்டை தைப்பவனையும் மாஸ்டர் என்கிறார்கள். ஒரே கட்டடத்தில் இரண்டு பேரும் இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்? அவர் மேல்மாடி மாஸ்டர், நான் கீழ்க்கடை மாஸ்டர் என்று ஆகிவிட்டது. மேலே ஒரு நீளமான கூடம். முன்பு பஞ்சு மூட்டை அடுக்கிவைத்த இடம். மரத்தளம். அதில்தான் அவர்களுடைய குழு ஒத்திகை பார்க்கும். கூடத்துக்குப் பின்னால் தடுத்த இரண்டு அறைகளில் மாஸ்டரும் அவர் மனைவி டீச்சரும் குடியிருந்தார்கள். டீச்சர் என்று எல்லோரும் கூப்பிட்டதால் நானும் அப்படியே கூப்பிட்டேன். கால் எப்படி ஊன்ற வேண்டும், எப்படி விழ வேண்டும் என்று வெளியாட்களுக்கு அவர் வகுப்பு எடுப்பார். விழுவதற்கு வகுப்பா என்று முதலில் நான் சிரித்திருக்கிறேன். நானெல்லாம் வகுப்புக்குப் போகாமலே எத்தனையோ தடவை விழுந்தவன்.

அவர்கள் செய்வது ஆட்டமா நாடகமா என்று கடைக்கு வருகிறவர்கள் என்னிடம்தான் கேட்பார்கள். "ரெண்டும்தான். வாய் பேச வேண்டிய இடத்துல உடம்பு பேசும்" என்பேன். டீச்சர் எப்போதோ சொன்னதை என் சொந்தச் சரக்கு மாதிரி எடுத்துவிடுவேன். அளவு எடுக்க வந்த ஒருவர், "அப்ப ஊமை நாடகமா?" என்று கேட்டுவிட்டார். அவருக்குப் பேண்ட் கொஞ்சம் குட்டையாகப் போனது அதனால் அல்ல.

எனக்குத் தலைக்கு மேலே பகல் முழுக்கக் காலடிகள். குதித்தால் என் விளக்கு ஆடும். உருண்டால் பொடியாகத் தூசி விழும். வெள்ளைத் துணி வெட்டுகிற நாளில் மட்டும் மேலே போய், "மாஸ்டர், இன்னிக்கு கொஞ்சம் மெதுவா உருளுங்க" என்று கேட்டுக்கொள்வேன். அவர்களுக்கு உடுப்பெல்லாம் நான்தான். துணி என்பது ஆள் நிற்கும்போது அழகாக இருந்தால் போதும் என்று நினைக்கிறவன் நான். அவர்களோ ஒரு நிமிடம் சேர்ந்தாற்போல நிற்காதவர்கள். எங்கள் உறவு அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த ஆட்டத்தில் சாமான் என்று பார்த்தால் ஒரு மேஜை, ஒரு கோட்டு. அவ்வளவுதான். மேஜைதான் வீடு, அதுவே படகு, அதுவே கட்டில். புருஷன் வேலையிலிருந்து கோட்டோடு வருவான். கடைசியில் மனைவி மேஜை விளிம்பில் அவனுக்கு முதுகு காட்டி நிற்பாள். நின்றபடியே அப்படியே பின்னால் சாய்வாள். அவன் பிடிப்பான். அதற்கு அவர்களுக்குள் ஒரு ஒழுங்கு இருந்தது. அவள் மூச்சைச் சத்தமாக வெளியே விட வேண்டும். அதைக் கேட்டு அவன் குதிகாலால் தரையில் ஒரு தட்டு தட்ட வேண்டும். தட்டு கேட்ட பிறகுதான் விழ வேண்டும். விழுகிறவள் எக்காரணம் கொண்டும் திரும்பிப் பார்க்கக் கூடாது. திரும்பிப் பார்த்தால் உடம்பு முறுக்கிக்கொள்ளும், பிடிக்கிறவனுக்கும் அடி, விழுகிறவளுக்கும் அடி என்பார் டீச்சர். ஒத்திகையில் அந்தச் சத்தங்கள் எனக்குக் கீழே கேட்கும். மூச்சு கேட்காது, குதிகால் கேட்கும். டொக். அப்புறம் கனமில்லாத ஒரு சத்தம். நான் பாட்டுக்கு ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருப்பேன்.

அன்று நானும் என் வீட்டுக்காரியும் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தோம். வெளியே நல்ல மழை. அரங்கத்துக் கூரை தகரம். நான் ஆட்டத்தையா பார்த்தேன்? கோட்டைப் பார்த்தேன். தோளில் ஒரு சுருக்கம் கிடையாது. "பாரு, எப்படி உக்காந்திருக்கு" என்று இவளை இடித்தேன். இவள் மேடையைப் பார்க்கத் திரும்புவதற்குள் டீச்சர் பலகையில் விழுந்த சத்தம் கேட்டது. அது கனமான சத்தம்.

ஜனங்கள் கை தட்டினார்கள். ஆட்டத்தில் அதுவும் ஒரு கட்டம் என்று நினைத்துவிட்டார்கள். சிலர் எழுந்து நின்றுகூடத் தட்டினார்கள்.

ஆஸ்பத்திரி நடையில் மாஸ்டர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கோட்டை இன்னும் கழற்றவில்லை. நான் போய் எதிரில் நின்றேன்.

"மாஸ்டர், ஒரு தப்பு பண்ணிட்டேன்."

நிமிர்ந்து பார்த்தார்.

"அக்குள்ல இருந்த துண்டை எடுத்துட்டேன். அழகா இருக்கட்டுமேன்னு. அதான் உங்களுக்குக் கை எழும்பாம..."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் குனிந்து தன் அக்குளைப் பார்த்தார். விரலை விட்டுத் தடவிப் பார்த்தார்.

"துண்டு இல்லையா?" என்றார்.

"இல்லை மாஸ்டர்."

"அப்படியா," என்றார். அந்த முகத்தை நான் எப்படிச் சொல்வது? வாடகைக்கு வீடு கிடைக்காமல் அலைந்தவனிடம் யாரோ சாவியைக் கொடுத்தால் இருக்குமே, அப்படி ஒரு முகம். அன்றைக்கு நான் அதைத் துக்கம் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

மறுநாளே ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது. குழுவில் முரசு வாசிப்பவருக்கு டமாரம் என்று பேர். வாசிக்கிறதாலும் வந்த பேர், வாயாலும் வந்த பேர். "கோட்டு பிடிச்சுக்கிச்சு. மாஸ்டர் கை பாதி தூரம் போச்சு, அதுக்கு மேல போகலை. டைலர் பண்ணின வேலை" என்று அவர் போன இடமெல்லாம் சொன்னார். என் ஆயுசில் என் தையலைப் பற்றி இவ்வளவு பேர் பேசினது அதுதான் முதல் தடவை. சட்டைக்கு அளவு கொடுக்க வந்தவர்கள் இரண்டு கையையும் உயர்த்திக் காட்டி, "எனக்கு இதெல்லாம் செய்யணும் மாஸ்டர், பாத்துக்கங்க" என்றார்கள். சிரித்தேன். சிரிக்காமல் வேறென்ன செய்ய?

என் வீட்டுக்காரி சிரிக்கவில்லை. "கைய வச்சுக்கிட்டு சும்மா இருக்கத் தெரியாதா உங்களுக்கு? கல்யாணத்தன்னைக்கு என் ரவிக்கையவும் இப்படித்தான் கச்சிதம் பண்றேன்னு பிடிச்சுத் தைச்சீங்க. சாப்பிடக் குனிய முடியலை."

"அது வேற."

"என்ன வேற? எனக்கு எலும்பு முறியலை, அவ்வளவுதான்."

டீச்சர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் தினமும் இவள் சூப் வைத்து மேலே கொண்டுபோனாள். தூக்குவாளியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நானும் போவேன். குற்றவாளி கூடப் போனால்தானே அது மன்னிப்பு. டீச்சர் ஜன்னலோரம் கழுத்தில் கட்டிய துணித்தொட்டிலோடு உட்கார்ந்திருப்பார். இடது கை அதில் கிடக்கும். மாஸ்டர் அடுப்படியில் ரொட்டி வாட்டிக்கொண்டிருப்பார். டீச்சர் வலது கையை லேசாக நீட்டுவார். நீட்டின கையில் டம்ளர் வந்துவிடும். தலையைச் சாய்ப்பார், முதுகுக்குத் தலையணை வந்துவிடும். ஒரு வார்த்தை கிடையாது. ஒருவர் நகர்ந்தால் மற்றவர் எங்கே இருக்க வேண்டும் என்று அந்த இரண்டு உடம்புக்கும் தெரிந்திருந்தது. படியிறங்கும்போது நான் உருகிப்போய், "பாத்தியா, பேச்சில்லாமலே எல்லாம் நடக்குது. நமக்கு ஒரு உப்பு டப்பாவை எடுக்கறதுக்கே எத்தனை கூப்பாடு" என்றேன்.

இவள் இரண்டு படி இறங்கி நின்றாள். "பேச்சில்லாம நடக்கலை. அங்க பேச்சே இல்லை."

"என்ன சொல்ற?"

"இத்தனை நாள் போறோமே, அந்த மனுஷன் வலிக்குதான்னு ஒரு தடவை கேட்டு நீங்க பாத்தீங்களா? அந்தம்மா ஏன் பிடிக்கலைன்னு கேட்டு?"

"கோட்டாலதான்னு தெரியுமே. அப்புறம் என்ன கேக்கறது?"

"ஆமாமா. உங்க கோட்டு ரெண்டு பேருக்கும் ரொம்ப வசதியாப் போச்சு" என்று சொல்லிவிட்டு வாளியை வாங்கிக்கொண்டு முன்னே போனாள். இவள் இப்படித்தான். எதையாவது சொல்லிவிட்டுப் போய் நன்றாகத் தூங்குவாள். தூக்கம் கெடுவது எனக்கு.

கோட்டை டமாரம் கொண்டுவந்து கொடுத்தார், ஒரு காகிதப் பையில் சுருட்டி. அதைத் திறக்க எனக்கு மனம் வரவில்லை. அப்படியே ஆணியில் மாட்டினேன். அவரிடம் மெதுவாகக் கேட்டேன், "அண்ணே, நீங்க பக்கத்துலதானே உக்காந்திருந்தீங்க. குதிகால் சத்தம் கேட்டுதா அன்னிக்கு?"

ஊரெல்லாம் கேட்கும்படி பேசுகிறவர் குரலை இறக்கினார். "மழை தகரத்துல என்ன அடி அடிச்சுது. கேக்கலை."

"கேக்கலையா, தட்டலையா?"

"நீ துணி தைக்கிறவனா, போலீசா?" என்றார். டீ வாங்கிக் கொடுத்தேன். குடித்துவிட்டு, போகும்போது, "குழுவுல அஞ்சு பேரு இருக்கோம் தம்பி. அவங்க ரெண்டு பேரும் சேர்ந்து ஏறினாத்தான் மேடை. அதை மட்டும் நெனச்சுக்கோ" என்றார்.

எலும்பு கூடிவிட்டது, கட்டைக் கழற்றலாம் என்று டாக்டர் சொன்னார். அடுத்த ஊரில் ஆட்டத்துக்கு ஏற்கெனவே ஒத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு காலையில் மாஸ்டர் கடைக்கு வந்தார்.

"கோட்டுல அந்தத் துண்டைத் திரும்ப வச்சுடுங்க மாஸ்டர். முன்னைவிடப் பெருசாவே வைங்க. ஒத்திகை ஆரம்பிக்கணும்."

"இன்னிக்கே ஆயிடும் மாஸ்டர்."

அவர் தெருமுனை திரும்பியிருக்க மாட்டார், டீச்சர் படியிறங்கி வந்தார். வலது கையால் இடது முழங்கையைத் தாங்கியிருந்தார். பழக்கம் போகவில்லை.

"அண்ணே, கோட்டு கொடுத்தாரா?"

"துண்டு வைக்கச் சொன்னார். ஒரு மணி நேர வேலை."

"மெதுவாத் தைங்க."

"என்ன டீச்சர்?"

"மெதுவாத் தைங்கன்னேன். எனக்காக." துணியில் கோடு போடுகிற சாக்கட்டி ஒன்றை எடுத்து, திருப்பிப் பார்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்தார். "இப்போதைக்கு முடிக்காதீங்க."

அந்த ஒரு விஷயத்தில் உலகத்தில் எவனும் என்னை மிஞ்ச முடியாது. தைத்துக் கொடுக்காமல் நாள் கடத்துவதற்கு எனக்குத் தனியாகப் பயிற்சி வேண்டியதில்லை. மாஸ்டர் வரும்போதெல்லாம், அந்தக் கலருக்கு நூல் கிடைக்கவில்லை என்றேன். அப்புறம் மெஷினில் பெல்ட்டு அறுந்தது என்றேன். பெல்ட்டு அவர் கண்ணெதிரில் ஓடிக்கொண்டிருந்தது. மழையில் துணி ஈரம் இழுத்திருக்கிறது, இப்போது தைத்தால் காய்ந்ததும் இழுக்கும் என்றேன். அவர் ஒவ்வொன்றையும் கேட்டுத் தலையாட்டிவிட்டுப் போனார். கோபமே படவில்லை. எனக்கே சந்தேகம் வந்தது, இவரும் முடிக்காதே என்றுதான் சொல்ல வருகிறாரோ என்று.

மேலே ஒத்திகை நடந்தது. மற்றவர்கள் உருண்டார்கள், குதித்தார்கள். மேஜையை இழுக்கிற சத்தம் கேட்கும். டீச்சர் அதன் மேல் ஏறுகிற சத்தம் கேட்கும். நான் மெஷினை நிறுத்திவிட்டுக் காத்திருப்பேன். குதிகால் வராது. கொஞ்ச நேரம் கழித்து, "கோட்டு வரட்டும்" என்று டீச்சர் குரல் கேட்கும். மேஜை திரும்ப ஓரத்துக்குப் போகும்.

ஐந்து பேருடைய பிழைப்பும் ஒரு குடும்பமும் என் ஆணியில் காகிதப் பையில் தொங்கிக்கொண்டிருந்தன. நான் சின்ன ஆள். எனக்கு இவ்வளவு கனம் ஆகாது.

பிறகு ஒரு மத்தியானம் மாஸ்டர் வந்து உட்கார்ந்தார். வெளியே தூறல். மின்சாரம் இல்லை. மெஷின் ஓடவில்லை என்று அன்றைக்கு மட்டும் உண்மையாகவே சொல்லியிருக்கலாம். அவர் கேட்கவில்லை. பையைத் தானே எடுத்தார்.

"எங்க பிடிக்குதுன்னு ஒரு தடவை போட்டுப் பாத்துடலாம். அப்பதான் துண்டு எவ்வளவு பெருசுன்னு தெரியும்."

"சரிதான் மாஸ்டர்."

கோட்டை உதறிப் போட்டுக்கொண்டார். காலரில் மேடைத் தூசி படிந்திருந்தது. மற்றபடி தையல் அன்றைக்கு நான் போட்ட மாதிரியே இருந்தது. நல்ல தையல், நானே சொல்லக் கூடாது.

"கையைத் தூக்குங்க மாஸ்டர். டீச்சரைப் பிடிக்கிற மாதிரி."

அவர் நின்றார். கை இரண்டும் தொங்கிக்கொண்டிருந்தன. நான் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு காத்திருந்தேன். அவர் சுவரைப் பார்த்தபடி நின்றார். ரொம்ப நேரம் ஆன மாதிரி இருந்தது. அப்புறம் ஒரு மூச்சில் இரண்டு கையையும் முன்னால் வீசித் தூக்கினார்.

டர்ரென்று கிழிந்தது. கைக்குழியின் பின்பக்கத் தையல் இரண்டு பக்கமும் முழுசாகப் பிரிந்து உள்ளே வெள்ளைச் சட்டை தெரிந்தது.

தூக்கின கை தூக்கினபடி நின்றது.

"அன்னிக்கு இது கிழியலையே மாஸ்டர்," என்றேன். சத்தியமாக அதை யோசித்துச் சொல்லவில்லை. வாயிலிருந்து தானாக விழுந்துவிட்டது.

அவர் கையை இறக்கினார். ஒவ்வொரு கையாகக் கோட்டிலிருந்து உருவினார். மடித்து மேஜைமேல் வைத்தார்.

"நூல் பழசாயிருக்கும்," என்றார்.

நூல் புதுசு. நூலில் மட்டும் நான் யாரையும் ஏமாற்றியதில்லை. கையால் இழுத்துப் பார்த்து வாங்குகிற நூல். இருபது வீட்டில் என் மேல் ஆயிரம் குறை சொல்வார்கள், நூல் விட்டுப்போச்சு என்று ஒருத்தரும் சொன்னதில்லை. அதைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். பெற்ற பிள்ளையைப் பார்த்து இது என் பிள்ளை இல்லை என்று சொல்கிற மாதிரி இருந்தது எனக்கு, ஆனாலும் சொன்னேன்.

"ஆமா மாஸ்டர். நூல் சரியில்லை. மாத்தித் தைச்சுடறேன்."

வாசல்வரை போனவர் நின்றார். ஏதோ சொல்வார் என்று பார்த்தேன். "மழை விட்ருச்சா?" என்று கேட்டார். விடவில்லை. அப்படியே இறங்கி நடந்தார்.

நான் கிழிந்த கோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு மேலே போனேன். ஏன் போனேன் என்று கேட்டால், எனக்குக் கீழே உட்கார முடியவில்லை. இத்தனை நாளாகத் தூங்காமல் புரண்டவன் நான். சூப் வாளி சுமந்தவன் நான். குற்றம் என்னுடையது என்றால் அதை வைத்துக்கொள்ள எனக்கு ஆட்சேபணை இல்லை. என்னுடையதா இல்லையா என்று மட்டும் யாராவது சொன்னால் போதும்.

டீச்சர் கூடத்தில் தனியாக இருந்தார். ஈரத்துணியால் விரிப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார், ஒரு கையாலேயே. கூரையில் ஒழுகுகிற இடத்தில் வாளி வைத்திருந்தது. மேஜை ஓரத்தில் நின்றது. என் கையில் இருந்த கோட்டைப் பார்த்தார். பிரிந்த இடத்தைப் பார்த்தார். துணியைப் பிழிந்து வாளி விளிம்பில் போட்டார்.

"போட்டுப் பாத்தாரா?"

"பாத்தார். கையைத் தூக்கினதும் கிழிஞ்சிடுச்சு."

"உக்காருங்க அண்ணே."

உட்காரவில்லை. "டீச்சர், நான் படிக்காதவன், கோமாளி. என்னை யாரும் பெருசா எடுத்துக்க மாட்டாங்க, அதுல எனக்கு வருத்தமும் கிடையாது. டமாரம் அண்ணன்கிட்டக் கேட்டேன், மழைங்கிறார். மாஸ்டர்கிட்டக் கேக்காமலே கேட்டேன், நூலுங்கிறார். என் பெண்டாட்டி ஒரு விடுகதையைப் போட்டுட்டுத் தூங்கப் போயிடறா. நீங்களாவது சொல்லுங்க. என் கோட்டாலயா நீங்க விழுந்தீங்க?"

"இல்லை," என்றார்.

அவர் மேஜைக்குப் போய் அதன் விளிம்பில் உள்ளங்கையை வைத்தார்.

"நாங்க வீட்டுல பேசறதை நிறுத்தி ரொம்ப காலமாச்சு அண்ணே. சண்டையெல்லாம் இல்லை. ஒவ்வொண்ணா நின்னுபோச்சு. இங்க ஏறி விழுவேன், அவர் பிடிப்பார். அது ஒண்ணுதான் மிச்சம். அன்னிக்கு மேல நின்னு மூச்சை விட்டேன். குதிகால் வரலை. திரும்ப விட்டேன். வரலை. அப்ப திரும்பிப் பாத்துட்டேன்."

"பாக்கக் கூடாதே டீச்சர்."

"கூடாது. பாத்தேன். கை ரெண்டும் தொடையோட ஒட்டிக் கிடந்துது. என்னைத்தான் பாத்துக்கிட்டு நின்னார். மனசு எங்கயோ போய் நின்னவர் மாதிரி இல்லை, என்னைத்தான் பாத்தார். கையை மட்டும் எடுக்கலை."

"தெரிஞ்சுமா விழுந்தீங்க?"

"தெரிஞ்சுதான் விழுந்தேன். என் உடம்பு வர்றதைப் பாத்தா கை தானா எழும்பிடும்னு நெனச்சேன். எழும்பலை. நீங்க ஆஸ்பத்திரியில வந்து கோட்டுக் கதையைச் சொன்னதும் நாங்க ரெண்டு பேரும் அதுக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டோம்." என் கையிலிருந்து கோட்டை வாங்கி, கிழிந்த இடத்தை விரலால் சேர்த்துப் பிடித்துப் பார்த்துவிட்டு, திருப்பிக் கொடுத்தார். "இதைத் தைக்க வேண்டாம். நான் இனிமே இந்த மேஜை மேல ஏற மாட்டேன். அவர்கிட்ட நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க அண்ணே. வரட்டும், நானே வாயைத் திறந்து சொல்றேன்."